மகன் ஜெயித்துக் கொடுத்த அப்பாவா?

கேள்வி: மெல்பேர்ன் வாசகர், 7 அக்டோபர் 2024, காலை

அண்ணா, நேற்று ரக்பி லீக் இறுதியாட்டம் பார்த்தேன். பென்ரித் பாந்தர்ஸ் தொடர்ந்து நான்காவது வருடமும் கிண்ணத்தை எடுத்துவிட்டது. எல்லாரும் கோச் ஐவன் கிளியரியைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். மகன் நேதன் கிளியரி மாதிரி, ஆட்டத்தை வழிநடத்தும் ஒரு ஹாஃப்பேக் கையில் இருந்தால் நான்கூட கோச் ஆகலாம். பென்ரித்துக்கு முன் இந்த மனிதர் எங்கே என்ன கிழித்தார்? மகன் இல்லாவிட்டால் அப்பா பூச்சியம் என்பது என் கட்சி. மறுக்க முடிந்தால் மறுங்கள்.

7 அக்டோபர் 2024, இரவு 9.40

முதலில் ஒன்று. எழுதுவது மெல்பேர்னில் இருந்து. நேற்று 14-6 என்று தோற்றது உங்கள் ஸ்டோர்ம். காரம் எங்கிருந்து வருகிறது என்று விளங்குகிறது, தம்பி.

இனி விசயம். மகன் பிறந்தது 1997 நவம்பரில். அவன் தவழ்ந்துகொண்டிருந்த 1998இல் அப்பா சிட்னி சிட்டி ரூஸ்டர்ஸுக்காக ஒரே சீசனில் 284 புள்ளிகள் எடுத்தார். இன்றுவரை யாரும் தொடாத சாதனை. பெரும்பாலும் ஃபுல்பேக், தேவைப்பட்டால் சென்டர், எல்லாவற்றுக்கும் மேலாகக் கோலுக்கு உதைப்பவர். 1992இல் மேன்லியில் தொடங்கி, நார்த் சிட்னி, ரூஸ்டர்ஸ் என்று போய், கடைசி மூன்று சீசன்கள் நியூசிலாந்தின் வாரியர்ஸ். அவுஸ்திரேலிய அணிக்கு ஆடியதில்லை. மாநிலங்கள் மோதும் ஸ்டேட் ஆஃப் ஒரிஜினிலும் இல்லை. நட்சத்திரம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பந்தை அவரிடம் கொடுத்தால் கம்பங்களுக்கு நடுவே போகும்.

நாளை விடுமுறை இல்லை, இரவு வேலை. மிச்சம் பிறகு.

7 அக்டோபர் 2024, இரவு 10.05

சரி சரி. "யாரும் தொடாத சாதனை" என்று எழுதி அரைமணி நேரம்கூட ஆகவில்லை, மூன்று பேர் திருத்திவிட்டார்கள். சிட்னியின் கேன்டர்பரி கழகத்து ஹாஸெம் எல் மஸ்ரி 2004இல் 342 எடுத்து அதைத் தாண்டிப் போய்விட்டார். நான் லகெம்பாவில் அறை எடுத்து இருந்த காலத்தில் கடைக்குக் கடை எல் மஸ்ரியின் படம் தொங்கும். அதைப் பார்த்துக்கொண்டே கோழி வாங்கிய நான் இதை மறந்தது வெட்கம்.

284 அந்த நேரத்தில் சாதனை. அது மட்டும் நிற்கும்.

8 அக்டோபர் 2024

கண்டியில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: ரக்பி என்றால் பதினைந்து பேர்தானே, நீங்கள் எந்த ரக்பியைப் பற்றிக் கதைக்கிறீர்கள் என்று. நியாயமான கேள்வி. நானும் கொழும்பில் படித்த காலத்தில் பிராட்பி கேடயத்துக்கு ரோயல் ஒரு பக்கம், டிரினிட்டி ஒரு பக்கம் நின்று மோதுவதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். அது யூனியன். சிட்னிக்கு வந்து முதல் வாரம் தொலைக்காட்சியில் லீக் பார்த்தபோது இரண்டு பேரைக் காணவில்லையே, ஆட்டத்தை விட்டு அனுப்பிவிட்டார்களா என்று நினைத்தேன். இல்லை. இதில் பதின்மூன்று பேர்தான்.

பிரிந்த கதை 1895. வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் நேரத்துக்குக் கூலி கேட்டார்கள். தெற்கே இருந்த கனவான்கள் காசுக்கு ஆடுவது அழகல்ல என்றார்கள். வடக்கத்திக் கழகங்கள் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஹோட்டலில் கூடித் தனிக்குடித்தனம் போய்விட்டன. சிட்னியில் லீக் போட்டிகள் 1908இல் தொடங்கின. இங்கேயும் அது உழைப்பாளர் பேட்டைகளின் ஆட்டமாகத்தான் வேர் பிடித்தது.

விதி சுருக்கமாக: பந்து உள்ள அணிக்கு ஆறு பிடி. ஆறாவது முறை மடக்கிப் பிடித்தால் பந்து எதிரணிக்கு. அதனால் ஐந்தாவது பிடிக்குப் பிறகு பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ட்ரை, நான்கு புள்ளி. அதன் பின் உதை இரண்டு புள்ளி. எங்கள் களஞ்சியத்தில் என்னோடு வேலை செய்யும் சமோவாக்காரர், மவுண்ட் ட்ரூட் ஆள், எனக்கு இதை விளக்கியபோது நான் பதிலுக்குச் சடுகுடுவை விளக்கினேன். மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டே எதிரியின் களத்துக்குப் போய்த் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும், அவர்கள் கூட்டமாக விழுந்து அமுக்குவார்கள் என்றேன். அவர் கேட்டது: "பந்தும் இல்லாமலா?" அன்றிலிருந்து என்னைக் கொஞ்சம் மரியாதையாகத்தான் பார்க்கிறார்.

9 அக்டோபர் 2024

"பென்ரித்துக்கு முன் என்ன கிழித்தார்" என்ற கேள்வி. தோற்றார், தம்பி. நன்றாகத் தோற்றார். நான் சொல்ல வருவதே அதுதான்.

2002 இறுதியாட்டம். வாரியர்ஸ் முதல் முறையாக இறுதிக்கு வந்த வருடம். எதிரே யார்? கிளியரி நான்கு வருடம் ஆடிய அதே ரூஸ்டர்ஸ். 30-8. அதுதான் வீரராக அவருடைய கடைசி ஆட்டம். அப்படியே பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, தன்னை அடித்த ரூஸ்டர்ஸிடமே திரும்பிப் போய்க் கீழணிக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். நானாக இருந்தால் அந்தத் தெருப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

2006இல் வாரியர்ஸின் தலைமைக் கோச். என்ன நிலைமையில்? ஒரு கழகம் தன் வீரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்ற சம்பள உச்சவரம்பு விதியை முந்திய நிர்வாகம் மீறியதற்காக அந்த அணி சீசனையே மைனஸ் நான்கு புள்ளியில் தொடங்கியது. முதல் தடவை கோச் ஆகிறவனுக்குக் கிடைத்த சீதனம் அது. இரண்டு வெற்றி பெற்றால்தான் பூச்சியத்துக்கு வரலாம்.

2008இல் எட்டாம் இடத்தில் தொங்கிக்கொண்டு பிளேஆஃபுக்கு வந்து, முதலிடத்தில் இருந்த ஸ்டோர்மை மெல்பேர்னிலேயே 18-15 என்று கவிழ்த்தார்கள். கடைசி நிமிடங்களில் மைக்கேல் விட் பந்தோடு கோட்டைத் தாண்டிவிட்டுக் கொண்டாட்டத்தில் விரலை உயர்த்திக்கொண்டே ஓடுகிறார், பந்தை இன்னும் கீழே வைக்கவில்லை. அந்த ஒரு விநாடியில் ஓக்லாந்தில் எத்தனை பேருக்கு நெஞ்சடைத்ததோ. (உங்களுக்கு இது ஞாபகம் இருக்காது. ஸ்டோர்ம்காரர்களுக்கு இந்த வருடம் மட்டும் மறந்துபோகும்.)

2009 தொடக்கத்தில் அந்த அணியின் இளம் வீரர் சோனி ஃபாய் கடலில் அடித்துச் செல்லப்பட்டார். அந்த வருடம் பதினான்காம் இடம். அதை வைத்து ஒரு கோச்சை அளக்க எனக்கு மனம் வரவில்லை.

2011இல் மறுபடி இறுதியாட்டம், இந்தத் தடவை கோச்சாக. எதிரே மேன்லி. அவர் தொடங்கிய கழகம். 24-10 தோல்வி. வீரராகத் தோற்றது பழைய கழகத்திடம், கோச்சாகத் தோற்றதும் பழைய கழகத்திடம். ஜாதகக்காரரிடம் காட்ட வேண்டிய கேஸ்.

நேதனுக்கு அப்போது பதின்மூன்று வயது. பூச்சியமாக இருந்தால் அவர் இறுதிக்கே வந்திருக்க மாட்டார் என்பது என் முதல் வாதம்.

12 அக்டோபர் 2024

பென்ரித் அவரை வேலையை விட்டு நீக்கிய கதைக்கு வருகிறேன்.

2012இல் அவரை அங்கே கூட்டி வந்தவர் ஃபில் கூல்ட். 1991இல் பென்ரித்துக்கு முதல் கிண்ணம் வாங்கிக் கொடுத்த கோச். திரும்பி வந்து நிர்வாகத்தின் உச்சியில் இருந்தார். கடனும் கவலையுமாக இருந்த கழகம் அது. 2014இல் இறுதிக்கு ஒரு படி முன்வரை கொண்டு போனார் கிளியரி. அடுத்த வருடம் காயங்கள், பதினோராம் இடம். 2015 அக்டோபரில் நீக்கிவிட்டார்கள். கூல்ட் சொன்ன காரணம் என்ன தெரியுமா? மனிதர் களைத்துப்போய்த் தெரிகிறார் என்று.

களைப்பு!

எனக்கும் ஒருமுறை இந்தச் சொல்லைச் சொன்னார்கள். எந்த இடம் என்று எழுதவில்லை. ஒன்பது வருடம் வேலை செய்த இடத்தில் மேலாளர் கூப்பிட்டு இருத்தி, தேநீர் கொடுத்து, "நீங்கள் களைத்துத் தெரிகிறீர்கள், உங்கள் நன்மைக்காகத்தான்" என்றார். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தேன். களைத்துத்தான் இருந்தேன். ஆனால் அது காலை மூன்று மணிக்கு எழுந்து ஓடிய களைப்பு, அதை அவர்களும் அறிவார்கள். பிழை செய்தாய் என்று சொன்னால் வாதாடலாம். களைத்தாய் என்றால் என்ன பதில் சொல்வது?

கிளியரி ஒன்றும் சொல்லவில்லை, குறைந்தபட்சம் வெளியே. சண்டைக்குப் போகவில்லை. போயிருக்க முடியாது, ஏனென்றால் மகன் அதே பென்ரித்தின் இளையோர் அணியில். அப்பாவை நீக்கி எட்டு மாதத்தில், 2016 ஜூனில், பதினெட்டு வயதில் நேதன் முதலணிக்கு ஆடத் தொடங்கினான். எதிரே உங்கள் ஸ்டோர்ம்தான். தன்னை வெளியே தள்ளிய கழகத்தின் சட்டையோடு பிள்ளை மைதானத்தில் இறங்குகிறது, அப்பாவுக்கு அந்தப் பருவம் முழுக்க வேலை இல்லை.

அதனால் "மகன் கையில் இருந்தான், ஜெயித்தார்" என்று சொல்பவர்கள் ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். நேதன் முதல் மூன்று சீசன் ஆடியது வேறு கோச்சின் கீழே. அதாவது மகன் இருந்தான், அப்பா இல்லை. கிண்ணமும் இல்லை.

12 அக்டோபர் 2024, சற்றுப் பிறகு

மேலே எழுதியதைத் திரும்ப வாசித்தேன். கடைசிப் பத்தி கெட்டித்தனமாகத் தெரிகிறது, ஆனால் நேர்மையான வாதம் இல்லை. பதினெட்டு வயதுப் பெடியனையும் இருபத்தி மூன்று வயது ஆளையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அழிக்காமல் விடுகிறேன், வைத்து என்னைத் திட்டுங்கள்.

13 அக்டோபர் 2024

பஸ் பகிடியைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

2017 ஏப்ரலில் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் அவரை எடுத்தது. அந்த அணியில் டெடெஸ்கோ, மோசஸ், வூட்ஸ், ப்ரூக்ஸ் என்று நான்கு பெரிய தலைகளின் ஒப்பந்தம் முடிகிற நேரம். வருவார்களா போவார்களா என்று ஊரெல்லாம் பேச்சு. கிளியரி, பஸ்ஸில் ஏறுகிறவர்கள் ஏறலாம், ஏறாதவர்கள் இறங்கலாம் என்ற பொருளில் ஏதோ சொல்லப்போய், அது பிடித்துக்கொண்டது. மூன்று பேர் இறங்கினார்கள், ப்ரூக்ஸ் மட்டும் இருந்தார். 2018இல் அணி ஒன்பதாம் இடம், பிளேஆஃபுக்குப் போகும் எட்டுக்கு ஒரு படி கீழே. பஸ் இப்போதுதான் கியர் மாற்றுகிறது என்று ரசிகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்த நேரத்தில், சீசன் முடிந்த கையோடு சாரதியே இறங்கிப் பென்ரித் பஸ்ஸில் ஏறிவிட்டார்! ஒப்பந்தம் மிச்சம் இருக்கும்போதே.

அதே பென்ரித். களைத்துவிட்டாய் என்ற அதே கழகம். ஆண்டனி க்ரிஃபினை பிளேஆஃபுக்குச் சில வாரம் முன்பு நீக்கிவிட்டுப் பழைய ஆளைத் திரும்பக் கேட்டார்கள்.

டைகர்ஸ்காரர்களின் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் தெருவில் ஒரு டைகர்ஸ் குடும்பம் இருக்கிறது. ஆறு வருடமாகியும் அந்த மனிதரிடம் பஸ் நேரம் கேட்க எனக்குப் பயம்.

20 அக்டோபர் 2024

ஒரு வாரம் எழுதவில்லை. காரணம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"நான்கூட கோச் ஆகலாம்" என்று தம்பி எழுதியது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஆனேன். என் மகனின் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட கிரிக்கெட் அணிக்கு, இரண்டு பருவம். கோச்சாக யாரும் முன்வரவில்லை, கை தூக்கியது நான்தான்.

முதல் ஆட்டத்தில் மகனை ஏழாவதாக இறக்கினேன். அவன் மூன்றாவதாக ஆட வேண்டியவன், எல்லாருக்கும் தெரியும். சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறார் என்று மற்றப் பெற்றோர் சொல்லிவிடக் கூடாது என்ற பயம். இரண்டாவது ஆட்டத்திலும் ஏழு. மூன்றாவது ஆட்டத்தில் ஒரு தகப்பனார் வந்து, "உங்கள் பிள்ளைக்கு ஏன் இந்தத் தண்டனை?" என்று கேட்டார். சரி என்று நான்காவது ஆட்டத்தில் முன்னே தள்ளினேன். முதல் பந்திலேயே ஆட்டமிழந்தான். வீட்டுக்குப் போகும் வழியில் காரில் நான் அவனுடைய கால் நகர்வைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, "இப்போது நீங்கள் கோச்சா, அப்பாவா?" என்றான். பதில் வரவில்லை எனக்கு. அடுத்த வருடம் அவன் கிரிக்கெட்டையே விட்டுவிட்டு ரக்பி லீக்குக்குப் போனான். நான் எல்லைக்கோட்டுக்கு வெளியே மடக்குக் கதிரையில் உட்கார்ந்தால் போதும் என்று நிபந்தனை.

இதை வைத்துக்கொண்டுதான் நான் கிளியரிகளைப் பார்க்கிறேன். 2019இல் அப்பா திரும்பி வந்தபோது அணி பத்தாம் இடம். அப்பனும் மகனும் என்று மேற்குச் சிட்னி முழுக்க வாய்கள். அந்த வருடத்தில் அவர்கள் வீட்டுக்குப் போகும் காரில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். அல்லது தெரியும் என்று நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் ஒரே காரில் போனார்களா என்பதே எனக்குத் தெரியாது!

1 நவம்பர் 2024

நேற்றுத் தீபாவளி. மேஸ் ஹில் முருகன் கோயில் வாகனத் தரிப்பிடத்தில் இடம் தேடி இருபது நிமிடம் சுற்றும்போது இந்த இழையை வாசிக்கும் ஒருவரைச் சந்தித்தேன். "2020ஐப் பற்றி எழுதாமல் ஓடிவிடாதீர்கள்" என்றார். ஓடவில்லை.

2020இல் பென்ரித் இருபது ஆட்டத்தில் பதினெட்டு வெற்றி, ஒரு சமன், ஒரே ஒரு தோல்வி. தொடர்ந்து பதினேழு வெற்றிகளோடு இறுதிக்கு வந்தார்கள். எதிரே ஸ்டோர்ம். முதல் பாதி முடியும்போது ஸ்டோர்ம் 22-0 என்று முன்னணி. அதில் ஒரு ட்ரை, நேதன் வீசிய பந்தை வுனிவாலு இடைமறித்துப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் பெரும்பகுதியையும் ஓடிப்போய் வைத்தது. மகன் எறிந்த பந்து. அப்பா மேலே கண்ணாடிப் பெட்டிக்குள். முடிவு 26-20. வீரராக ஒன்று, கோச்சாக இரண்டு: மூன்று இறுதியாட்டம், மூன்றும் தோல்வி. மனிதருக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது.

2021 வேறு விதம். நாங்கள் கம்பர்லண்ட் மாநகரசபைப் பகுதி, கொரோனாவில் கூடுதலாகக் கட்டிப் போட்ட இடங்களில் ஒன்று. ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஹெலிகொப்டர் சத்தம் இரவில் கேட்கும். இறுதியாட்டத்தையே சிட்னியை விட்டு ப்ரிஸ்பேனுக்கு மாற்றிவிட்டார்கள். பென்ரித் சவுத் சிட்னியை 14-12 என்று வென்றது. அதற்கு முந்திய இரண்டு ஆட்டத்திலும் 8-6, 10-6. கவனித்தீர்களா தம்பி, இவை ஹாஃப்பேக்கின் மாயாஜாலத்தால் வருகிற ஸ்கோர் இல்லை. எதிரியை ஆறு, ஆறு, பன்னிரண்டு புள்ளியில் நிறுத்துவது. கோட்டில் நின்று மறுபடி மறுபடி பிடித்துக்கொண்டே இருப்பது. அது அப்பாவின் வேலை. நேற்று அல்ல, நேற்றைக்கு முந்திய இறுதி என்று தொலைக்காட்சி முன்னால் எங்கள் வீட்டில் நால்வர்தான், ஆனால் தெருவில் ஹார்ன் சத்தம் கேட்டது. அடைபட்டுக் கிடந்தவர்கள் வாசலில் வந்து நின்று தகரத்தைத் தட்டினார்கள்.

2022இல் எதிரே பரமட்டா. எங்கள் துங்காபி பரமட்டா ஈல்ஸ் பிரதேசம், தொடருந்தில் நாலைந்து தரிப்பிடம்தான். 1986க்குப் பிறகு கிண்ணமே காணாத கூட்டம். என் மகன் ஈல்ஸ் சட்டை போட்டுக்கொண்டு காலையிலேயே தயார். 28-12. கடைசியில் வந்த இரண்டு ட்ரை இல்லையென்றால் அந்தப் பன்னிரண்டும் இல்லை. அன்று இரவு அவன் சாப்பிடவில்லை.

2023ஐப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. ப்ரிஸ்பேனின் எஸ்ரா மாம் மூன்று ட்ரை வைத்து 24-8 ஆனதும் நான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். சட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கையில் சமோவா நண்பரின் அழைப்பு. போனில் ஒரே கத்தல். கடைசி இருபது நிமிடத்தில் மூன்று ட்ரை, கடைசியை நேதனே வைத்து 26-24. நண்பரின் ஊர்க்காரன் ஜெரோம் லுவாய் தோளில் அடிபட்டு வெளியே போன பிறகு நடந்தது இது. நான் பார்த்தது ஹைலைட்ஸ். ஐந்து வருடம் பார்த்த ஒருவன் அந்த இருபது நிமிடத்தைத் தவறவிட்டான் என்றால் அது நான்தான்.

2 நவம்பர் 2024

"நேற்று அல்ல, நேற்றைக்கு முந்திய இறுதி" என்று மேலே ஒரு வாக்கியம் இருக்கிறது. என்ன சொல்ல வந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. கோயில் பொங்கல் அதிகமாகிவிட்டது. விட்டுத்தள்ளுங்கள்.

இன்னொன்று, 2023 பற்றிச் சொன்னதும் மெல்பேர்ன் தம்பி பாய்ந்திருக்கிறார்: "பார்த்தீர்களா, அதை ஜெயித்துக் கொடுத்தது நேதன்தானே." ஆம். அந்த இருபது நிமிடம் நேதனுடையது. இறுதியின் சிறந்த வீரருக்கான க்ளைவ் சர்ச்சில் பதக்கத்தை 2021இலும் 2023இலும் அவர்தான் வாங்கினார். ஒத்துக்கொள்கிறேன்.

4 நவம்பர் 2024

ஒத்துக்கொண்டதோடு நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் இறங்கிப் போகிறேன்.

கிளியரிக்குக் கிடைத்தது மகன் மட்டும் இல்லை. பென்ரித் என்பது சிட்னி நடுவிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் மேற்கே, நேப்பியன் ஆற்றங்கரையில், நீலமலையின் அடிவாரம். அங்கிருந்து செயின்ட் மேரிஸ், மவுண்ட் ட்ரூட் வரைக்கும் சனிக்கிழமை காலையில் எந்தப் புல்வெளியைப் பார்த்தாலும் பந்தோடு பிள்ளைகள். அவர்களைச் சிறுவயதிலேயே பிடித்து வளர்க்கும் ஏற்பாட்டை உருவாக்கிக் கொடுத்ததில் கூல்டின் பங்கு பெரியது. ஆம், "களைத்துவிட்டார்" கூல்ட். அவர் 2019இல் போய்விட்டார், பழத்தை மற்றவர் பறித்தார்கள். லுவாய், பிரையன் டோஒ, க்ரைட்டன், லியாம் மார்ட்டின், நேதன் எல்லாரும் கீழ் வயதுப் பிரிவுகளிலேயே ஒருவரோடு ஒருவர் ஆடிப் பழகியவர்கள். எனவே தம்பியின் கட்சியை நான் திருத்தி எழுதுகிறேன்: "மகனும் மகனின் கூட்டாளிகளும் இல்லாவிட்டால் அப்பா கஷ்டப்பட்டிருப்பார்." இதை மறுக்க முடியவில்லை.

ஆனால் வருடா வருடம் அந்தக் கூட்டம் கலைந்தது. ஜெயிக்க ஜெயிக்க வீரர்களின் விலை ஏறும், சம்பள உச்சவரம்புக்குள் எல்லாரையும் வைத்திருக்க முடியாது. கிக்காவ், கோரோயிசோ, க்ரைட்டன் என்று ஒவ்வொருவராகப் போனார்கள். அடுத்தது லுவாய், டைகர்ஸுக்கு. (பஸ் கடன் அடைந்தது.) துணைக் கோச்சுகளையும் விடவில்லை. டிரென்ட் பாரெட், அவருக்குப் பிறகு கேமரன் சிரால்டோ இருவரையும் கேன்டர்பரி கொண்டுபோனது. ஆண்ட்ரூ வெப்ஸ்டரை வாரியர்ஸ் கொண்டுபோனது. சமையற்காரர்கள் போகிறார்கள், பாத்திரம் போகிறது, சாப்பாட்டின் ருசி மட்டும் மாறவில்லை என்றால் வீட்டில் யாரோ ஒருவருக்குக் கைப்பக்குவம் இருக்கிறது.

அதோடு இந்த 2024. நேதன் காயத்தால் சீசனில் பாதியளவு ஆட்டங்களில் இல்லை. ஹாஃப்பேக் இடத்தில் ப்ராட் ஷ்னைடரைப் போட்டு ஆடினார்கள். இருந்தும் இரண்டாம் இடம். இறுதியில் நேதன் இறங்கியது சரியாகாத தோளோடு. 14-6. நான்கு வருடம் தொடர்ச்சி என்பது 1956 முதல் 1966 வரை பதினொரு கிண்ணம் எடுத்த செயின்ட் ஜோர்ஜுக்குப் பிறகு யாருக்கும் அமையவில்லை, அந்தக் காலத்தில் சம்பள உச்சவரம்பும் கிடையாது.

மகன் இல்லாத அப்பா எப்படி என்று கேட்டீர்கள். பாதி சீசனாக அதைத்தானே பார்த்தோம்.

2 மார்ச் 2025

லாஸ் வேகஸில் சீசன் திறப்பு. பென்ரித் 28, க்ரொனல்லா 22. ஞாயிறு பகல் எங்களுக்கு. என் மகனின் குரல் உடைந்துவிட்டது, ஆனால் கோபம் உடையவில்லை: "இன்னும் எத்தனை வருடம்?" என்கிறான்.

இந்த வருடம் பென்ரித் மைதானத்தை இடித்துக் கட்டுகிறார்கள். சொந்த ஆட்டங்கள் பரமட்டா மைதானத்தில். ஈல்ஸ்காரன் வீட்டுக்குள்ளேயே குடிவந்துவிட்டார்கள்.

7 ஏப்ரல் 2025

வேகஸுக்குப் பிறகு ஒரு வெற்றியும் இல்லை. மெல்பேர்ன் தம்பியிடமிருந்து ஒரே ஒரு பொம்மைச் சிரிப்பு வந்திருக்கிறது. பதில் போடவில்லை.

29 செப்டம்பர் 2025

நேற்று முடிந்தது. ப்ரிஸ்பேன் 16, பென்ரித் 14. இறுதிக்கு ஒரு படி முன்னால்.

சீசன் நடுவே ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில், பதினேழாம் இடத்தில் கிடந்த அணி இது. நான் அப்போது எழுத உட்கார்ந்தேன், "சரி தம்பி, நீங்கள் சொன்னது சரிதான்" என்று ஒரு வரி தட்டச்சு செய்து வைத்திருந்தேன். போடவில்லை. ஏனென்று தெரியவில்லை, ரோஷமாக இருக்கலாம். அப்புறம் வரிசையாக வெல்லத் தொடங்கினார்கள். ஏழாம் இடத்தில் நுழைந்து, வாரியர்ஸை ஓக்லாந்தில் வைத்து, கேன்டர்பரியைச் சிட்னியில் வைத்து. வாரியர்ஸின் கோச் வெப்ஸ்டர், கேன்டர்பரியின் கோச் சிரால்டோ. இரண்டு பேரும் இவரிடம் துணைக் கோச்சாக இருந்தவர்கள். நேற்று முதல் பாதியில் 14-0 முன்னணி. அதன் பிறகு ஒரு புள்ளிகூட வரவில்லை, கடைசி நிமிடங்களில் ப்ரிஸ்பேன் எட்டிப் பிடித்துவிட்டது.

இந்தத் தடவை நான் பாத்திரம் கழுவப் போகவில்லை. கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் முடிந்ததும் காமெரா அப்பாவைக் காட்டியது, பிறகு மகனைக் காட்டியது. இரண்டு முகமும் ஒரே மாதிரி இருந்தன, கீழ்த் தாடையை இறுக்கிக்கொண்டு. என் மகன், ஈல்ஸ்காரன், சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "அவர்கள் ஒரே காரிலா வீட்டுக்குப் போவார்கள்?" என்று கேட்டான். அவனுக்கு நான் இங்கே எழுதியது தெரியாது. ப்ரிஸ்பேனில் இருந்து விமானத்தில்தானே வர வேண்டும் என்றேன்.

தம்பி, வரும் ஞாயிறு இறுதியாட்டம் உங்கள் ஸ்டோர்முக்கும் ப்ரிஸ்பேனுக்கும். நான் ப்ரிஸ்பேன் பக்கம். மன்னிக்கவும்.